மோட்டாருக்குப் போடும் கணக்கை இடுப்புக்கும் போடுங்கள்

வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் லைனுக்கு சைக்கிள் டைம் எழுதும் பொறியாளர்களுக்கு,



உங்களில் பெரும்பாலோரை எனக்கு நேரில் தெரியாது. உங்கள் தாளைத் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மேலே லேமினேட் செய்து தொங்கவிட்டிருப்பீர்கள்: வேலையின் படிகள், ஒரு படம், கீழே ஓர் எண். அங்கே நிற்பவரின் எட்டு மணி நேரத்தைத் தீர்மானிப்பது அந்த எண்தான். கிரேட்டை எடுத்து கன்வேயரில் வை, பத்து வினாடி. இந்த மடல் அந்தப் பத்து வினாடியைப் பற்றியது.

நான் பராமரிப்புப் பிரிவில் ஹாய்ஸ்டும் கிரேனும் பார்த்தவன். ஒரு எடையை மேலே தூக்க எவ்வளவு திறன் வேண்டும் என்பது எனக்குச் சோறு போட்ட கணக்கு. அந்த உரிமையில் உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: இயந்திரம் தூக்கும்போது அவ்வளவு நுணுக்கமாகப் போடுகிற கணக்கை மனிதர் தூக்கும்போது ஏன் போடுவதில்லை?

கணக்கு உங்களுக்குப் புதிதில்லை. எடையை ஏறும் உயரத்தால் பெருக்கி, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் திறன். இரண்டு டன் ஹாய்ஸ்ட் வேண்டும், கொக்கி நிமிடத்துக்கு 6 மீட்டர் ஏற வேண்டும் என்று ஓர் இன்டென்ட் வருகிறது. 2,000 கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் 19,620 நியூட்டன். நிமிடத்துக்கு 6 மீட்டர் என்பது வினாடிக்கு 0.1 மீட்டர். ஆக 1,962 வாட். கியர்பாக்ஸிலும் டிரம்மிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று 0.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,450 வாட். கொஞ்சம் கையிருப்பு சேர்த்து 3.7 கிலோவாட், அதாவது 5 குதிரைத்திறன் மோட்டார் போடுவோம்.

அதோடு யாரும் நிறுத்துவதில்லை. மணிக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் ஆகும், எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு நேரம் நிற்கும், நாளைக்கு எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்டு, அதற்கேற்ப டியூட்டி கிளாஸ் முடிவாகும். ஹாய்ஸ்ட் மோட்டாரின் நேம்பிளேட்டைப் படித்துப் பாருங்கள். எஸ்3, 40 சதவீதம் என்று பொறித்திருப்பது சாதாரணம். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் ஓடலாம், ஆறு நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். செம்பும் இரும்பும் களைத்துப்போகும் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய பலகை அது. எந்த மேலாளரும் அதன் முன்னால் நின்று, 'ஏன் இந்த மோட்டார் அறுபது சதவீத நேரம் சும்மா இருக்கிறது?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

வல்லம் வடகாலிலேயே இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 10 மாடி, 18,720 பேருக்கு இடம், செலவு 706.50 கோடி ரூபாய். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்தால் சுமார் 2,527 டன் தண்ணீர். மேல்தொட்டி 35 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதை ஏற்றும் வேலை மட்டும் நாளொன்றுக்கு 240 யூனிட் சொச்சம்; குழாயில் உராய்வு, பம்பின் இழப்பு எல்லாம் தனி. என் மனக்கணக்குதான் இது. ஆனால் இப்படி ஒரு கணக்கு இல்லாமல் எவரும் பம்பு வாங்க முடியாது. பத்தாவது மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதென்றால் யாரோ உட்கார்ந்து பெருக்கி வகுத்திருக்கிறார்கள் என்று பொருள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நிறைந்த வட்டாரம் இது.

இப்போது உங்கள் ஸ்டேஷனுக்கு வருவோம். கிரேட் 12 கிலோ. தரையில் பேலட், கை பிடிக்கும் இடம் 15 சென்டிமீட்டர் உயரத்தில். கன்வேயர் 90 சென்டிமீட்டர். ஏற்றம் 75 சென்டிமீட்டர். பேலட்டில் ஒரே அடுக்கு என்று வைத்துக்கொள்வோம், கணக்கு எளிதாக இருக்கட்டும். ஒரு தூக்கலுக்கு 88 ஜூல். பத்து வினாடிக்கு ஒன்று என்றால் 8.8 வாட்.

ஒன்பது வாட் கூட இல்லை. வீட்டு வாசலில் எரியும் எல்.இ.டி. பல்பு அளவு. உங்களைத் தவறான வழியில் கூட்டிப்போவது இந்த எண்தான். மனிதர் நாள் முழுக்க நீடித்து உழைக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட், அதாவது குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். (ராயல் என்ஃபீல்டு 2017-இல் ஆலை திறந்த ஊரில் இருக்கிறோம், அவர்களுடைய கிளாசிக் 350 எஞ்சினின் உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன். இருநூறு பேர் சேர்ந்தால் ஒரு புல்லட்.) 75 எங்கே, 9 எங்கே? இன்னும் வேகமாக்கலாமே, எட்டு வினாடி போதுமே என்று தோன்றும். தோன்றியிருக்கிறது, பல லைன்களில் நடந்தும் இருக்கிறது.

பிழை எங்கே என்று பார்ப்போம். கொக்கிக்கு இடுப்பு கிடையாது. கீழே இறங்கிய கொக்கி தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. மனிதர் குனிந்தால் தலை, கை, மார்பு, வயிறு எல்லாமே இறங்குகின்றன. உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அது. 60 கிலோ உள்ளவருக்கு 40 கிலோ. அதன் நடுப்பகுதி 30 சென்டிமீட்டர் இறங்கி ஏறுகிறது என்று வைத்தால், நிமிர்வதற்கு மட்டும் 118 ஜூல். கிரேட்டைத் தூக்க 88, தன்னைத் தூக்க 118. நீங்கள் எழுதிய கணக்கில் பாதிக்கும் மேல் விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 20 வாட்டுக்கு மேல். தசை எரிக்கும் சக்தியில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக வெளியே வரும். ஆக உள்ளே எரிவது 80 முதல் 100 வாட். பல்பு காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா?

இன்னொன்று. ஹாய்ஸ்ட் பட்டனை விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும். சுமை அந்தரத்தில் தொங்கும், மோட்டார் ஒரு வாட் கூட எடுக்காது. மனிதருக்கு அந்த பிரேக் கிடையாது. கன்வேயரில் இடம் கிடைக்கும்வரை கிரேட்டைக் கையில் பிடித்தபடி ஐந்து வினாடி நிற்பவர் செய்யும் வேலை, நம் சூத்திரப்படி பூஜ்யம். உயரம் மாறவில்லையே! ஆனால் அவருடைய தோளும் முன்கையும் எரிந்துகொண்டிருக்கின்றன. கீழே இறக்கி வைப்பதற்கு சூத்திரம் கொடுக்கும் விடை இன்னும் மோசம், கழித்தல் குறி போட்டு வரும். மாலையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவரிடம் போய், 'நீ செய்த வேலை மைனஸ்' என்று சொல்லிப் பாருங்கள்.

திறன் மட்டுமே முழுக்கதை என்றும் நான் சொல்ல வரவில்லை. முதுகை உடைப்பது விசை. குனிந்த நிலையில் 40 கிலோ மேலுடல் இடுப்பு மூட்டிலிருந்து கால் மீட்டர் முன்னால் இருக்கிறது; 12 கிலோ கிரேட் அரை மீட்டர் முன்னால். இரண்டின் திருப்புவிசையும் சேர்ந்து 157 நியூட்டன் மீட்டர். இதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை முதுகெலும்பு மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 157-ஐ 0.05-ஆல் வகுங்கள். 3,140 நியூட்டன், அதாவது 320 கிலோ. 12 கிலோ கிரேட்டுக்காக கீழ்முதுகின் வட்டுகளில் 320 கிலோ அழுத்தம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லை 3,400 நியூட்டன். ஒவ்வொரு தூக்கலிலும் அந்த எல்லையின் வாசலுக்குப் போய்த் திரும்புகிறார் உங்கள் ஆள். எத்தனை தூக்கல்? நிமிடத்துக்கு ஆறு, சாப்பாட்டு அரை மணி போக ஏழரை மணி நேரம்: 2,700 தடவை. கிரேட்டுகளின் எடை 32.4 டன். அவர் தன் மேலுடலையே தூக்கியது 108 டன்.

சிக்கலே இந்த எண்ணிக்கைதான். ஒரு தடவை தூக்குவதைப் பற்றி நமக்குச் சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டினால், 28-ஆம் பிரிவு லிஃப்டையும் ஹாய்ஸ்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்கச் சொல்கிறது. 29-ஆம் பிரிவு கிரேன், சங்கிலி, கயிறு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு எடையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்கிறது. உச்சவரம்பு எத்தனை கிலோ என்பதை மாநில அரசுகள் விதிகளில் வகுக்கலாம். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் முக்கால் நூற்றாண்டு அது ஊட்டிய பழக்கம் நம் தலையில் அப்படியே இருக்கிறது: கிலோவைப் பார், கிலோ சரியாக இருந்தால் கையெழுத்துப் போடு. நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்கும் பழக்கம் வரவில்லை. ஹாய்ஸ்ட் வாங்கும்போது முதலில் கேட்கும் கேள்வியே அதுதானே?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். மின்னூட்ட விதியால் நாம் அறிந்த கூலும், அடிப்படையில் ஒரு ராணுவப் பொறியாளர். 1764 முதல் 1772 வரை மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் இருந்தார். மனிதர் ஒரு நாளில் எவ்வளவு உழைக்க முடியும் என்பதைப் பின்னாளில் தனி ஆய்வாகவே எழுதினார். படியேறுகிறவர் சுமையில்லாமல் ஏறினால் செய்யும் நாள்வேலை, சுமையோடு ஏறி, தன் எடையையும் சுமையின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் வருவதைவிட அதிகம் என்று கண்டார். உடலுக்குச் சுமை கூடக்கூட மொத்த வேலை குறைந்துபோகிறது. இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் கூலியாட்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவருக்குத் தெரிந்தது, இன்று டேப்லெட்டும் ஸ்டாப்வாட்சுமாக நிற்கும் நமக்குத் தெரிய வேண்டாமா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிணறுகளில் ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். மாட்டின் எடையே பாதி வேலையைச் செய்யும். பிறகு வெறும் சாலை இறக்கிவிட்டு மாடு சரிவில் மேலேறித் திரும்ப வேண்டும். அப்போது அது தூக்குவது தன்னையே. இறைப்பவருக்கு இது தெரியும். வெயில் ஏறினால் அவிழ்த்துவிடுவார், மாற்று ஜோடி பூட்டுவார். சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாட்டு இறைப்பையும் எண்ணெய் எஞ்சின் பம்பையும் ஒப்பிட்டு, பம்பே சிக்கனம் என்று வாதாடினார். மாட்டின் உழைப்பைக் கணக்கில் எழுதிப் பார்த்ததால்தான் அந்த வாதம் நின்றது. எழுதாத உழைப்பு எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

மலிவு என்றதும் விலையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 2,700 கிரேட்டையும் 75 சென்டிமீட்டர் ஏற்றும் வேலை மொத்தம் 238 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. பாதி வீணாகும் ஒரு மட்டமான இயந்திரத்தை வைத்து, யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டாலும், ஷிப்டுக்கு ஒரு ரூபாய் மின்சாரம். ஒரு ரூபாய் வேலைக்கு ஓர் ஆளின் முதுகைக் கொடுக்கிறோம். இயந்திரத்துக்கு விலை உண்டு, இடம் வேண்டும், பராமரிப்பு உண்டு, தெரியும். அதைப் பார்த்தவன்தான் நான். ஆனால் சிசர் லிஃப்ட் டேபிளுக்கு நீங்கள் அனுப்பும் குறிப்பில் இந்த ஒரு ரூபாயையும் 108 டன்னையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களா? எழுதாமல் 'ஆபரேட்டர் வசதிக்காக' என்று ஒரு வரி எழுதினால், அந்தக் குறிப்பு அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்குத்தான் போகும்.

ஓர் ஆலையில் நான் கண்டதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு ஹாய்ஸ்ட் மோட்டார் சூடேறி அடிக்கடி ட்ரிப் ஆனது. அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். ஸ்டார்ட் எண்ணிக்கையை எடுத்தார்கள், டியூட்டி கிளாஸ் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள், பெரிய மோட்டாருக்கு ஆர்டர் போனது. அதே வாரம், அதே பேயில், இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை கான்ட்ராக்டர் வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார். மறுநாள் அந்த இடத்தில் இன்னொருவர் நின்றார். கூட்டம் இல்லை. எண்ணிக்கை எடுக்கவில்லை. 'டார்கெட்' தாள் மாறவில்லை. மோட்டாருக்கு மாற்று வாங்க பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டும். மனிதருக்கு ஒரு போன் போதும். அதனால்தான் மோட்டார் கணக்கில் வருகிறது, மனிதர் வருவதில்லை என்று நினைக்கிறேன். செய்யாற்றிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களும் புகார் எழுதித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். புகார் எழுதினால் நாளை வேலை இருக்குமா என்பது அவர்கள் கணக்கு. அது உங்கள் கணக்கைவிடக் கடினமானது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். 'டாக்ட் டைம் வாடிக்கையாளர் ஆர்டரிலிருந்து வருகிறது. எங்கள் கையில் இல்லை.' சரி, லைனின் வேகம் உங்கள் கையில் இல்லை. பேலட்டின் உயரம்? கிரேட்டுக்கும் காலுக்கும் இடையே உள்ள தூரம்? அந்த ஸ்டேஷனில் ஒருவரா இருவரா என்பது? இவை எல்லாம் உங்கள் லேஅவுட்டில் இருக்கின்றன. அவற்றால் என்ன மாறும் என்பதையும் எண்ணிலேயே காட்டுகிறேன்.

நியோஷ் 1991-இல் திருத்திய தூக்கல் சமன்பாட்டை எடுங்கள். எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்கி, ஒவ்வொரு பாதகத்துக்கும் ஒரு பின்னத்தால் பெருக்கிக் குறைத்துக்கொண்டே வரும். கிரேட் கணுக்காலிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது, பாதியாகிறது. பிடி தரையருகே, 0.82. ஏற்றும் தூரம் 75 சென்டிமீட்டர், 0.88. நிமிடத்துக்கு ஆறு தடவை, எட்டு மணி நேரம், 0.27. பெருக்கி முடித்தால் 2.2 கிலோ. உடலைத் திருப்பாமல், நல்ல கைப்பிடியோடு தூக்கினாலேயே இவ்வளவுதான். நீங்கள் கொடுத்திருப்பது 12. அந்தக் கடைசிப் பின்னத்தை மறுபடி பாருங்கள். இதே கிரேட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கியிருந்தால் அது 0.85 ஆக இருந்திருக்கும். வேகம்தான் அவரை நசுக்குகிறது.

இனி மாற்றுங்கள். லிஃப்ட் டேபிள் வைத்துப் பிடியை 75 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள். கிரேட்டை உடலோடு ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். முதல் மூன்று பின்னங்களும் 1 ஆகிவிடும். எல்லை 2.2-இலிருந்து 6.2 கிலோ ஆகும். இன்னும் போதாது. இரண்டாவது ஆளை நிறுத்தி ஆளுக்கு நிமிடத்துக்கு மூன்று என்று பிரியுங்கள். வேகத்தின் பின்னம் 0.55. இப்போது எல்லை 12.65 கிலோ. அதே 12 கிலோ கிரேட் உள்ளே வந்துவிட்டது. லைனின் வேகம் ஒரு வினாடியும் குறையவில்லை. ஆளே கிடையாது என்பார்களானால் வேக்யூம் லிஃப்டரோ ஸ்பிரிங் பேலன்சரோ கேளுங்கள். அந்த ஒரு ரூபாய்க் கணக்கோடு கேளுங்கள்.

தம்பி, தங்கைகளே, நான் கேட்பது ஒரு தாள். எடை தூக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சைக்கிள் டைம் தாளுக்குப் பக்கத்தில் அது தொங்க வேண்டும். கிரேட்டின் எடை, பிடியின் உயரம், காலிலிருந்து தூரம், நிமிடத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம். அதன் கீழே சுமையைத் தூக்கும் வாட், தன் உடலைத் தூக்கும் வாட், ஷிப்ட் முடிவில் மொத்த டன், சமன்பாடு தரும் எல்லை. தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும்; அங்கே நிற்பவர் படிக்கட்டும். கீழே உங்கள் கையெழுத்து இருக்கட்டும். டார்கெட்டைக் கூட்டும் மெயில் வரும்போதெல்லாம் முதலில் இந்தத் தாளைத் திருத்துங்கள், பிறகு அந்த எண்ணை ஒப்புக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.

எல்லா ஸ்டேஷனையும் ஒரே மாதத்தில் எழுத முடியாது. தரையில் இருக்கும் பேலட்டிலிருந்து குனிந்து எடுக்கிற இடம் உங்கள் லைனில் எது என்று பாருங்கள். இந்த வாரம் அந்த ஒன்றை எழுதுங்கள்.